மூன்றாவது எலுமிச்சம்பழம்

மாமனாரோடு வாதாடி ஜெயித்த மாப்பிள்ளை உலகத்தில் எங்காவது இருக்கலாம். திருவண்ணாமலையில் இல்லை. நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். அதுவும் சாமி முன்னிலையில்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. நிரந்தர வேலை, நல்ல மனைவி என்று எல்லாம் அமைந்த பிறகு மனிதன் சும்மா இருக்க வேண்டாமா? நான் சென்னைக்குப் போய் ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். ஊர் ஊராகச் சுற்றுவதற்கென்றே பிறந்த வண்டி. நீள உடம்பு, பள்ளமான சீட்டு, தூக்கி வைத்த ஹேண்டில்பார், பைகள் மாட்ட இரண்டு பக்கமும் கம்பி. (அதுவரை நான் மொபெட்டில் செங்கத்தைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.)

அந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. பழைய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருந்தார். சைடு ஸ்டாண்டு ஒன்றுதான். எங்கே நிறுத்தினாலும் இடது பக்கம் ஒயிலாகச் சாய்ந்து நிற்கும்.

எனக்கு அந்தச் சாய்வுதான் பிடித்திருந்தது. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவருடைய பெரிய வண்டியும் அப்படித்தான் சாய்ந்து நிற்கும். ஒருநாள் அவரிடம், ஏன் சென்டர் ஸ்டாண்டு இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். எடை கூடும், வளைவில் சாயும்போது தரையில் உரசும் என்று கையைச் சாய்த்துக் காட்டினார். அது போதும் எனக்கு. அவர் வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு சின்னப் பலகை இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தது கண் வரைக்கும்தான் போயிற்று, மூளைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலைவாணி கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, இதுக்கு சென்டர் ஸ்டாண்டு போடலாம் இல்ல?"

"டூரிங் வண்டிக்கு அதெல்லாம் போட மாட்டாங்க கலை. வளைவுல உரசும்."

"நம்ம ஊர்ல வளைவு எங்கீது?"

வீரர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டார்கள்.

விஷயம் அடி அண்ணாமலைக்குப் போயிற்று. அங்கேதான் என் மாமனார் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையைப் பயிர் செய்துகொண்டு, வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாமல் வாழ்ந்துவந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தலையை வண்டி சாய்ந்த பக்கமே சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, நம்ம கறவ மாடு கூட நேராதான் நிக்குது. இவ்ளோ பெரிய வண்டி ஏன் இப்பிடி சாஞ்சினு கீது?"

"இது அப்படித்தான் மாமா. ஸ்டைலு."

"சாஞ்சி நிக்கறது ஸ்டைலுன்னா, எங்க ஊரு கரண்டு கம்பம்தான் பெரிய ஸ்டைலு." அந்தக் கம்பத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

ராமேஸ்வரம் வரை கலைவாணியோடு வண்டியிலேயே போவதென்பது என் திட்டம். அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்வரலாம், நெடுந்தூரம் என்றால் கோயில் வாசலில் பூஜை போட்ட பிறகுதான் என்று மாமனார் சொல்லிவிட்டார். நல்ல நாளும் அவரே பார்த்தார். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராஜகோபுரத்துக்கு முன்னால், இரண்டு பைகளும் மாமியார் தூக்கில் போட்டுக்கொடுத்த புளியோதரையும் ஏற்றிய வண்டியோடு போய் நின்றோம். பூஜை முடிந்ததும் அப்படியே ராமேஸ்வரம்.

பூசாரி சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மாலை போட்டார். முன் சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், பின் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று வைத்தார். எல்லோருக்கும் செய்வதுதான். வண்டியை எடுக்கும்போது பழம் நசுங்கும், திருஷ்டி போகும், நாம் போவோம்.

மாமனார் வாயைத் திறந்தார். "சாமி எதிர்லயாவது வண்டி நேரா நிக்கலாம். மரியாதைன்னு ஒண்ணு கீது இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பூசாரி முன்னிலையில், பூ விற்கும் பெண்கள் முன்னிலையில், என் வண்டிக்கு மரியாதை தெரியாது என்று சொன்னால் எப்படி? நிரந்தர வேலைக்காரனுக்கு ரோஷம் ஜாஸ்தி.

"பூசாரி, ஸ்டாண்டுக்கும் ஒரு பழம் வைங்க," என்றேன்.

அவர் விழித்தார். "ஸ்டாண்டுக்கா? சக்கரத்துக்குத்தாங்க வைக்கிறது பழக்கம்."

"தரையத் தொடறது மூணு இடம். மூணுக்கும் வச்சாதான் பூஜை முழுசா இருக்கும். முன்னாடி வச்சா அது நசுங்காது. அடியில வைங்க."

(இதைச் சொன்னவன் பட்டதாரி. பட்டம் கணிதத்தில்.)

நான் வண்டியைத் தூக்கிப் பிடித்தேன். பூசாரி தயங்கித் தயங்கி மூன்றாவது எலுமிச்சம்பழத்தை ஸ்டாண்டின் அடியில் வைத்தார். மெல்ல இறக்கினேன். அப்போது ஓர் அதிசயம் நடந்தது. பழத்தின் உயரத்துக்கு ஸ்டாண்டு எழும்பியதால் வண்டி முன்னைவிட நேராக நின்றது!

"பாத்தீங்களா மாமா? நேரா நிக்குது!" என்று கையை எடுத்தேன்.

மாமனார் நம்பாமல் இடது பக்கம் வந்து குனிந்து பார்த்தார். அவருக்கே ஆச்சரியம்தான். பூசாரி கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். என் வாழ்க்கையில் மாமனாரை ஜெயித்த நேரம் அதுதான். கற்பூரம் எரிந்து முடியும் வரை கூட அது நீடிக்கவில்லை.

முதலில் 'பச்சக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பழம் நசுங்கி, சாற்றில் ஸ்டாண்டு வழுக்கி, வண்டி முன்னால் ஓர் அடி உருண்டு, ஸ்டாண்டு மடங்கிக்கொண்டிருந்தது. புளியோதரையோடும் மாலையோடும் வண்டி மெதுவாக என் மாமனார் பக்கம் சாய்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவர் மாடு பிடித்துப் பழகிய மனிதர். "ஹோய்!" என்று இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தார். பாரம் தாங்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். கடைசியில் வண்டியை விட்டுவிட்டுத் துள்ளித் தப்பினார். அவர் தப்பினார், அவர் வேட்டி தப்பவில்லை. அது கால் வைக்கும் கம்பியில் மாட்டி வண்டியோடு போய்விட்டது.

அந்த அகலமான வீதியில், அத்தனை பெரிய கோபுரத்துக்கு எதிரில், என் மாமனார் பட்டாபட்டி டிராயரோடு நின்றார். நெற்றியில் விபூதி மட்டும் கலையாமல் இருந்தது.

பூ விற்கும் பெண்கள் மரியாதையாக மலையைப் பார்த்தார்கள். பூசாரி ஓடி வந்து தன் தோள் துண்டை அவர் இடுப்பில் சுற்றினார். கோயிலில் பெரிய மனிதர்களுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். என் மாமனாருக்கு மட்டும்தான் இடுப்பில் கட்டினார்கள். கலைவாணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை நிமிர்த்தினோம். கிளச் லீவர் உடைந்திருந்தது. புளியோதரை வீதியில் கிடந்தது. மாமனார் கிழிந்த வேட்டியைத் துண்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"பொண்ண நான் வூட்டுக்கு இட்டுனு போறேன் மாப்ள. வண்டிய நேரா நிக்க வச்சப்பறம் வந்து கூப்டுக்கோங்க."

கலைவாணி போய்விட்டாள். போகும்போதும் அவள் தோள் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

லீவரை மாற்றிக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டு போடவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்துக்காகக் கொள்கையை விடுவதா? ஹோட்டலில் இட்லி தின்றுகொண்டு கொள்கையைக் காப்பாற்றினேன். வீடு வெறிச்சென்று இருந்தது. இரவில் விளக்கை அணைத்தால் கொள்கைக்கும் எனக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. சில நாளில் புளியோதரைத் தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அடி அண்ணாமலைக்குப் போனேன். பஸ்ஸில்தான் போனேன். வண்டியை எடுத்துப்போனால் அதை அவர் வாசலில் எப்படி நிறுத்துவது?

மாமனார் கொல்லிக்கு, அதாவது நிலத்துக்கு, போயிருந்தார். கலைவாணி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாண்டு போட்டாச்சா?"

"கலை, உங்க அப்பா சொல்றாருன்னு எல்லாம்..."

"அப்பாவ வுடுங்க. செங்கத்துல டீ குடிக்க எறங்கினீங்களே, அப்ப வண்டிய யாரு புடிச்சினு இருந்தது?"

யோசித்தேன். கடைக்கு முன்னால் சரிவு. சாய்ந்துவிடும் என்று அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

"சாத்தனூர் டேம்ல மண்ணு எளக்கமா கீதுன்னு சொல்லி என்னைப் புடிக்க வச்சிட்டு, நீங்க மட்டும் போய் மொதலப் பண்ணை பாத்துட்டு வந்தீங்க. வந்து, மொதல வாயத் தொறந்துச்சி, மூடிச்சின்னு எனக்குக் கதை வேற சொன்னீங்க. நான் இன்னும் மொதலயப் பாக்கல." ஒரு மல்லாட்டையை அழுத்தி உடைத்தாள். "டூர் போறது நீங்கதாங்க. நான் சென்டர் ஸ்டாண்டா கூட வந்துனு இருக்கேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் ஒருமுறை கூட நானும் வருகிறேன் என்று கேட்கவில்லை. நானும் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் சென்டர் ஸ்டாண்டு போட்டுக்கொண்டு மாமனார் வாசலில் போய் இறங்கினேன். ஸ்டாண்டை மிதித்தேன். வண்டி அசையவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன். செருப்புதான் அறுந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமனார் வேட்டியை இறுக்கி முடிந்தார். இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார். பிறகுதான் கிட்டே வந்தார். நான் மிதிக்க, அவர் பின்னால் பிடித்துத் தூக்க, வண்டி 'தடக்' என்று ஏறி நின்றது. சுற்றி வந்து பார்த்தார்.

"நேரா நிக்குது," என்றார். உள்ளே திரும்பி, "கலை, பைய எடுத்துனு வாம்மா."

ராமேஸ்வரம் போனோம். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் சென்டர் ஸ்டாண்டு தரையில் 'கிறீச்' என்று உரசியது. நான் சொன்னது சரிதான் என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. "என்னங்க சத்தம்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றேன். ஒவ்வொரு டீக்கடையிலும் அவள் எனக்கு முன்னால் இறங்கிப் போய் டீ சொன்னாள். திரும்பி வந்ததும் சாத்தனூர் கூட்டிப்போனேன். ஒரு முதலை கூட அசையவில்லை. எல்லாவற்றையும் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் அவள் வெகுநேரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும், எத்தனை சக்கரமோ அத்தனை எலுமிச்சம்பழம், கூட ஒன்று. டிராக்டருக்கு ஐந்து வாங்கினார்கள். பழக்கடையிலேயே "ஒண்ணு மாப்ளைக்கு" என்று தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

சமீபத்தில் என் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கினோம். அதே கோபுர வாசல். வேறு பூசாரி, வயதில் சின்னவர். கலைவாணி பையிலிருந்து மூன்று பழங்களை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு போதுமேம்மா. மூணாவது எதுக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன். எண்பதைத் தொட்டுவிட்ட என் மாமனார் மட்டும் எதையும் பார்க்கவில்லை. நாலடி தள்ளிப் போய், இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.