நாயக் தீர்த்தகிரி பெட்டி பூட்டிய பெரும்போர்

வாழ்க வாழ்க, நாயக் தீர்த்தகிரி வாழ்க! ஜவ்வாது மலை ஈன்ற செம்மலும், பனி பொழி எல்லையில் பதினான்கு மாதம் இமை கொட்டாது நின்ற இரும்புத் தோளனும், விடிகாலை நான்கே முக்காலுக்கு எழுப்புவார் இன்றி எழும் விறல்வேந்தனும், ஒரு மாத விடுப்பில் மாமனார் வீடு வந்த நாள்முதலாய் அவ்வீட்டுக் கோழிகளையும் வரிசையில் நிற்கவைத்த ஒழுங்கின் நாயகனுமாகிய அவ்வீரன், பங்குனித் திங்கள் வியாழக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணி தொடங்கிப் பகல் ஒன்றேகால் வரை, கருநிறத் தகரப் பெட்டி ஒன்றோடு பொருத பெரும்போரைப் பாடத் துணிந்தோம். கேட்பவர்கள் உட்கார்ந்தே கேட்கலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

காப்புக்கு எந்தத் தெய்வத்தை அழைப்பது என்று முதலில் யோசித்தோம். பெரிய தெய்வங்களுக்குப் பெரிய வேலைகள் இருக்கும்; ஒரு மூடி மூடாத விஷயத்துக்கு அவர்களை இழுப்பது மரியாதையன்று. ஆதலின், பெட்டியின் பின்புறம் உறையும் இரட்டைக் கீல்களே, முன்புறம் நாவை நீட்டி நிற்கும் நெடுங்கொண்டியே, கொண்டியின் வாயில் ஏறக் காத்திருக்கும் பித்தளைப் பூட்டே, நீங்களே எமக்குத் துணை. துணை என்று அழைத்தோமே தவிர, நீங்கள் மூவரும் அன்றைக்கு எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்பது எமக்குத் தெரியும்.

அப்பெட்டியின் பெருமை சொல்லி முடியாது, சொல்லிப் பார்ப்போம். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், நான்கு மூலையிலும் அடிவாங்கிய தழும்பு. ராஜஸ்தானத்து மணலைத் தின்றது, அசாம் மழையைக் குடித்தது, எண்ணற்ற ரயில்களில் இருக்கைக்கு அடியில் சங்கிலியால் கட்டுண்டு கிடந்தும் மானம் குலையாதது. மூடியின் மேற்புறத்தில் வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர். மூடியின் உட்புறத்தில், உள்ளே இருக்கும் இருபத்தேழு பொருளின் பட்டியல், கோந்து தடவி ஒட்டியது. படைவீரன் பெட்டிக்கு அதுதான் இலக்கணம். தை மாதத்தில்தான் லான்ஸ் நாயக் என்னும் பதவியிலிருந்து நாயக்காக உயர்ந்திருந்தானாகையால், பழைய பதவியைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிய பதவியையும் கூடவே பெயரையும் அன்று காலை தடித்த பிரஷ்ஷால் தாராளமாக எழுதியிருந்தான் நம் தலைவன். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

போர் எதற்காக என்று கேட்பீர்கள். மண்ணுக்காகவா, பொன்னுக்காகவா? இரண்டும் அல்ல, ஒரு படுக்கையறையும் ஒரு சமையலறையும் உள்ள அரசாங்க வீட்டுக்காக. கல்யாணமாகி ஐந்தாண்டு ஆகியும் தீர்த்தகிரியும் அவன் மனையாள் செந்தாமரையும் ஒரு கூரைக்கடியில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஓராண்டு தேறாது. ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிப்போட்டு, இரண்டு வருடம் நான்கு மாதம் காத்திருந்து, கடைசியில் பதான்கோட்டில் வீடு கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை குடும்பத்தோடு போய்ச் சாவி வாங்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு அது போய்விடும். மலையிலிருந்து போளூர் இறங்கும் பஸ் ஒன்றரை மணிக்கு. அதை விட்டு மாலை பஸ்ஸில் இறங்கினால், சந்தவாசல், கணியம்பாடி தாண்டிக் காட்பாடி போய்ச் சேர்வதற்குள் ரயில் ஆந்திராவில் ஓடிக்கொண்டிருக்கும். வாய் பிளந்த பெட்டியோடு மூன்று நாள் ரயிலில் போவது எப்படி? ஆகவே பெட்டி மூடியாக வேண்டும். பெட்டி மூடவில்லை.

மூடாததற்கு முதற்காரணம் புளி. பன்னிரண்டு கிலோப் புளி! வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மூன்று மரத்துப் புளியை உலுக்கி, உலர்த்தி, அடித்து, கொட்டை நீக்கி, உப்பிட்டு, பந்து பந்தாய் உருட்டி, குவார்ட்டர்ஸ் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு மாதமாய்ச் சேனை திரட்டியிருந்தாள் புளிக்கை நங்கை செந்தாமரை. அதற்குத் துணைப்படையாகப் பத்துக் கிலோச் சாமையும் ஒரு பாட்டில் மலைத்தேனும் வந்து நின்றன. இவற்றைப் பெட்டியில் கண்ட மாத்திரத்தில், நம் தலைவன் மூடியின் உட்புறப் பட்டியலை விரலால் தொட்டுக் காட்டி, மலை எதிரொலிக்க முழங்கினான்:

"லிஸ்ட்ல இல்லாத சாமானுக்குப் பொட்டில எடம் இல்ல."

கோவைச் செவ்வாயும் கோபச் செவ்விழியும் ஒருங்கே சிவக்க, இடுப்பில் கைவைத்து எதிர் முழங்கினாள் தலைவி:

"நாலு வருசமா போன்ல புளிக்கொழம்பு, புளிக்கொழம்புன்னு அழுதது யாருங்க?"

இவ்வொரு கணையில் தலைவனின் முதல் அரண் இடிந்தது. அழுதது அவன்தான். புளி உள்ளேயே இருந்தது.

முதல் நாழிகைப் போர் கைப்போர். தலைவன் இரு உள்ளங்கைகளையும் மூடியின் விளிம்பில் ஊன்றி, பனிக்காட்டில் பாறை பெயர்த்த அத்தனை வலிமையையும் திரட்டி, கழுத்து நரம்பு புடைக்க, பல் நெறுநெறுக்க, முகம் முருங்கைப்பூ நிறத்திலிருந்து மிளகாய்ப்பழ நிறத்துக்கு மாற அழுத்தினான். கொண்டிக்கும் அதன் வளையத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி சிரித்தது. எழுத்தில் கைபடாமல் அழுத்த வேண்டும் என்பதால் பாதி பலம் வீணாயிற்று. மாமனார் கோபால்சாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். தலைவன் தன் ரஜாயைத் தியாகம் செய்வதென்று அறிவித்து, அந்தப் பருத்த போர்வையை உருவி வெளியே எறிந்துவிட்டு, எல்லாரும் மோர் குடிக்க வெளியே போனார்கள்.

குடித்துவிட்டு வந்து மூடினால், அதே நான்கு விரற்கடை! ரஜாய் வெளியே கிடக்கிறது, இடைவெளி குறையவில்லை. இது எந்த ஊர்க் கணக்கு? தலைவி இப்போது பெருந்தன்மை கொண்டாள். தன் சேனையிலிருந்து மூன்று கிலோப் புளியைப் பின்வாங்கச் செய்து, தாய் மாணிக்கம்மாளிடம் ஒப்படைத்து, கண்கலங்க வழியனுப்பினாள். எல்லாரும் முகம் கழுவப் போய்விட்டு வந்தார்கள். மூடினார்கள். ஐந்து விரற்கடை!

அந்தோ, அப்போது மூண்டது பாருங்கள் ஐயப் போர்! மூன்று கிலோவையும் இவள் கமுக்கமாகத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள் என்று தலைவன் நினைத்தான். வேண்டாம் என்று எடுத்த பழைய பூட்ஸை இவர் திருட்டுத்தனமாக அடியில் சொருகிவிட்டார் என்று தலைவி நினைத்தாள். ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் பெயிண்டே காய்ந்திருக்கும். இவ்வளவுக்கும் நடுவில், நான்கு வயது நிறைந்த அவர்கள் மகள் கவியா, யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் போவதும் வருவதுமாகத் தன் போக்கில் திரிந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் போர் புரியும்போது சின்னப்பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்?

மணி பன்னிரண்டே கால். மந்திராலோசனை கூடிற்று. மூடிமேல் ஆள் உட்கார்ந்து அழுத்தினால் அன்றி இது அடங்காது என்று கோபால்சாமி எடுத்துரைக்க, மூடிமேல் இருப்பது தன் பெயர், பெயருக்கு முன்னால் இருப்பது நாயக் என்னும் பதவி, அதன்மேல் பிட்டம் வைப்பதா என்று தலைவன் துடிக்க, பதவி பெரிதா பதான்கோட்டு வீடு பெரிதா என்று மாணிக்கம்மாள் கேட்க, தலைவன் ஒரு பழைய தினசரித்தாளை எடுத்துப் பெயரின்மேல் விரித்து, உட்காருங்கள் என்று கைகாட்டினான். ஒரு மனிதன் தன் பதவியைத் தானே மூடி வைப்பது லேசான காரியமில்லை.

முதலில் மாணிக்கம்மாள் அமர்ந்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. பக்கத்தில் கோபால்சாமி அமர்ந்தார். அரை விரற்கடை குறைந்தது, அவர் ஒல்லி. அதன்பின் யானைப்படைக்கு ஆளனுப்பப்பட்டது. தெருமுனையில் டீக்கடை நடத்தும் சேட்டு, தொண்ணூற்றெட்டுக் கிலோ எடையும் அதற்கேற்ற அமைதியும் வாய்ந்த பேராளன், பால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். அவன் நிலைப்படியில் நுழைந்தபோதே தகரம் நடுங்கியது என்று சொன்னால் மிகைதான், ஆனாலும் சொல்கிறோம். மூவரும் நெருக்கி அமர, தலைவன் கொண்டியை இரு கைகளாலும் பற்றி இழுக்க, தலைவி பூட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு பின்னாலேயே நிற்க, கொண்டி இறங்கிற்று, இறங்கிற்று, வளையத்தை முத்தமிடும் தூரத்துக்கு வந்தது. அந்தத் தறுவாயில் சேட்டுக்குத் தும்மல் வந்துவிட்டது.

மூடி எகிறியது. மூவரும் மூன்று திசையில் இறங்கினார்கள். தினசரித்தாள் கிழிந்து போயிருந்தது. திரும்பி நின்ற மாணிக்கம்மாளின் பின்புறச் சேலையில் 'நாயக்' என்னும் பதவி கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. சேட்டின் லுங்கியில் 'தீர்த்த' இருந்தது. 'கிரி' கோபால்சாமியின் வேட்டிக்குப் போயிருந்தது. படையில் எட்டாண்டு உழைத்துப் பெற்ற பெருமை மூன்று பேர் பின்புறத்தில் பங்காகிப் போனதைக் கண்டு தலைவன் தலையில் கைவைத்தான். சேட்டு மட்டும், டீக்கடையில் இதைக் காட்டினால் நாலு பேர் மதிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மணி ஒன்று. தோல்வி முகத்துக்கு நேரே நின்றது. இனி ஒளிவு மறைவு ஏன் என்று, தலைவனும் தலைவியும் ஒரே நேரத்தில் பெட்டியை அடிவரை காலி செய்து உண்மையைக் கண்டுவிடுவதென்று முடிவெடுத்தார்கள். அவள் பூட்ஸைத் தேடினாள். அவன் அந்த மூன்று கிலோப் புளியைத் தேடினான். இரண்டும் இல்லை. சாமை மூட்டையின் பக்கவாட்டிலிருந்து செந்தாமரையின் தலையணை வந்தது. சீருடை அடுக்குக்குக் கீழிருந்து அவள் தினமும் போடும் ரப்பர் செருப்பு வந்தது. பிறகு நூறுநாள் வேலைக்குப் போகையில் அவள் தலையில் கட்டும் துண்டு, அவள் சீப்பு, துவைத்த நைட்டி ஒன்று, ஈர நைட்டி ஒன்று. அப்புறம் குட்டிக் குட்டியாய்: அங்கன்வாடித் தட்டு, ஒரு பாவாடை, ஒற்றைக் கொலுசு, பாதி தேய்ந்த கிரேயான். எல்லாம் இடுக்கு இடுக்காய், ஒருத்தரும் கவனிக்கக் கூடாதென்று அக்கறையாய்ச் சொருகப்பட்டிருந்தன.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கவியா கதவோரம் நின்றிருந்தாள், கையில் தன் போர்வையோடு. அதுதான் அடுத்து உள்ளே போகவிருந்தது போலும்.

இதெல்லாம் ஏன் இங்கே வைத்தாய், நம் துணிமணிக்குத்தான் நீலப் பை இரண்டு கட்டி வைத்திருக்கிறதே என்று செந்தாமரை கேட்டாள். பையை நம்பக்கூடாது என்பது கவியாவின் கட்சி. பை அம்மாவோடு சந்தைக்குப் போகும், திரும்பி வந்துவிடும். போனால் மாதக்கணக்கில் திரும்பாதது இந்தப் பெட்டி ஒன்றுதான். விடுப்பு முடிந்து முடிந்து அப்பா புறப்பட்ட ஒவ்வொரு தடவையும் அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்து அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. அழாமல், ரொம்பத் தெளிவாக, தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"பொட்டில வெச்சதெல்லாம் உங்கூடப் போவுது. வெக்காதது இங்கியே கீது. எங்கள நீ வெக்கவே இல்ல."

எல்லையில் குண்டுச் சத்தம் கேட்டும் அசையாது நின்ற வீரன், மாற்றான் முன் மண்டியிடாத மறவன், நாயக் தீர்த்தகிரி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். இத்தனை வருடமாய் இந்தப் பெட்டி ஒரே அழுத்தில் மூடியதற்கு அவன் பெருமைப்பட்டதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. செந்தாமரை சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். சந்தேகப்பட்டதற்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியது, நேரமில்லை.

அப்போது, வளைவு வளைவாய் மலையேறி வந்த ஒன்றரை மணித் தேர், நெடுங்குரல் ஊதுகொம்பு முழங்கக் கீழ்த்தெருவில் வந்து நின்றது! எழுந்தான் தலைவன்! சீருடையையும் சாமையையும் புளியையும் திரும்ப அடுக்கினான். தலையணையை எடுத்தான், வைத்தான். செருப்பை எடுத்தான், வைத்தான். துண்டும் தட்டும் ஈர நைட்டியும் ஒற்றைக் கொலுசும், எவை எவை எங்கெங்கு இருந்தனவோ அவை அவை அங்கங்கே, மகள் விரல் நீட்டிக் காட்டிய இடத்திலெல்லாம் வைத்தான். அவள் கையிலிருந்த போர்வையையும் வாங்கி அனைத்துக்கும் மேலே வைத்தான். இருபத்தேழு பொருளின் பட்டியலை ஏறெடுத்தும் பாராமல் மூடியைச் சாத்த, அது முழம் உயரத்துக்கு வானை நோக்கி வாய்திறந்து நின்றது, கீல்களும் கொண்டியும் பித்தளைப் பூட்டும் வெற்றி வெற்றி என்று ஆர்ப்பரித்தன.

கோபால்சாமி மாட்டுக் கயிற்றை அவிழ்த்து வந்து பெட்டியைக் கட்டினார், தகப்பனும் தாயும் மகளுமாய் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனார்கள்.