கடைசி வரை கேட்டவர்கள்

"நாலாவது நிமிஷம் சார்," என்றாள் ஷமீரா. "எந்தப் பாடத்தைப் போட்டாலும் நாலாவது நிமிஷத்துல பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிடறாங்க."

இனியவன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"டீ குடிக்கப் போயிருப்பாங்கம்மா."

"டீ குடிச்சிட்டுத் திரும்பி வரணும்ல சார்? வரலையே."

தாராசுரத்தில் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கேமரா, ஒரு வெள்ளைப் பலகை. இனியவனின் ஆன்லைன் பயிற்சி மையம் இவ்வளவுதான். குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வரலாறும் அரசியலமைப்பும் நடத்தினார். விஷயம் தெரிந்த மனிதர். குரல்தான் காலை வாரியது. குழந்தையைத் தூங்கவைக்கக் கடன் கேட்கலாம், அப்படி ஒரு குரல். ஐந்தாண்டுத் திட்டங்களை நடத்தும்போது அவருக்கே கொட்டாவி வந்த பதிவு ஒன்று இன்னும் ஆப்பில் இருக்கிறது.

ஷமீரா கூத்தாநல்லூரில் தன் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்குப் புள்ளிவிவரம் அலசிக் கொடுப்பவள். யார் எப்போது பார்க்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் காட்டும் டாஷ்போர்டு ஒன்றை அவருக்கு அமைத்துத் தந்திருந்தாள். அதைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் வேலை பார்த்த தனியார் பள்ளியை விட்டு வரும்போது, "ஒருநாள் உங்க பிள்ளைங்களே எங்கிட்டதான் படிக்கும்" என்று தாளாளர் மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். மனைவி தமிழ்நிலா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசி போடுவதைப் போலவே பேச்சையும் ஒரே குத்தில் முடிப்பவள்.

"தை பிறக்கறப்ப அறுபது பேராவது நிலைச்சு இருக்கணும்ங்க. இல்லன்னா பேசாம பழைய ஸ்கூலுக்கே போயிடுங்க. தாளாளர் இன்னும் ஆள் தேடிட்டுத்தான் இருக்காராம்."

கார்த்திகையில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அறுபது என்ன பெரிய எண்ணிக்கையா என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

"ஆனா சார், ஒரு ஐடி மட்டும் வித்தியாசமா இருக்கு," என்றாள் ஷமீரா. "குத்தாலம் பக்கம் கரைவெளின்னு ஒரு கிராமம். செம்மொழின்னு பேரு. உங்க ஊராட்சிப் பாடத்தை முழுசா பார்த்திருக்காங்க. பதினாலு தடவை."

இனியவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினாலா!"

ஊராட்சிப் பாடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதைப் பதிவு செய்த அன்று பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அதோடு போட்டி போட்டு நாற்பது நிமிடம் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

"புரிஞ்சுபோச்சும்மா. ஜனங்களுக்குச் சத்தம் வேணும்!"

"ஒரே ஒரு ஆளு சார் அது. எதுக்கும் போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"ஆளு பொய் சொல்லும். டேட்டா பொய் சொல்லாது."

டாஷ்போர்டை விற்ற அன்று ஷமீரா சொன்ன வாசகம் அது. இப்போது திரும்பி வந்து அவள் வாயையே அடைத்தது.

மறுநாள் முதல் இனியவன் கத்தினார். சோழர்கள் கடல் கடந்ததைக் கத்தினார். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களைக் கத்தினார். கீழ்வீட்டுக்காரர் ஏதோ சண்டை என்று நினைத்து விலக்கிவிட மாடியேறி வந்தார்.

ஒரே வாரத்தில் நாற்பது பேர் கழன்றுகொண்டார்கள். திருவாரூர்ப் பையன் ஒருவன் போகும்போது செய்தி அனுப்பியிருந்தான்: "ஹெட்ஃபோன்ல கேட்டேன் சார். இப்ப காது டாக்டர்கிட்ட வந்திருக்கேன்."

"ஆளு குறையுது சார். ஆனா பார்க்கிற நேரம் மட்டும் ஏறுது," என்றாள் ஷமீரா குழப்பத்துடன். "கரைவெளியில இப்ப ஒம்போது ஐடி. எல்லாம் நீங்க விட்ட ரெண்டு மாச இலவசத்துல சேர்ந்தவங்க. காலையில அஞ்சு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும், அப்புறம் சாயங்காலம். ஒரு செகண்டு நிறுத்தறதில்ல."

"அஞ்சு மணிக்கு!" இனியவனின் குரல் கம்மியது. பாதி கத்தியதால், பாதி நெகிழ்ச்சியால். "விவசாய வீட்டுப் புள்ளைங்க. பனியில எந்திரிச்சுப் படிக்குதுங்க. போனவங்க எல்லாம் பதரும்மா. நிக்கிறதுதான் நெல்லு."

அடுத்த வாரம் டாஷ்போர்டு இன்னொரு ரகசியத்தைச் சொன்னது. அடிப்படை உரிமைகள் பாடத்தில் ஓரிடத்தை மட்டும் கரைவெளிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்தார்கள். அங்கே அப்படி என்ன நடத்தினோம் என்று ஆவலாக ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் நடத்தவில்லை. சமையலறையில் தமிழ்நிலா கைதவறித் தாம்பாளத்தைப் போட்ட சத்தம் விழுந்திருந்தது.

"முக்கியமான இடம்னு மனசுல பதியறதுக்கு ஒரு சத்தம் தேவைப்படுது," என்று தீர்மானித்துவிட்டார். அன்று சாயங்காலம் தமிழ்நிலா தாம்பாளத்தைத் தேடினாள். மாடியிலிருந்து பதில் வந்தது.

"அடிப்படை உரிமைகள் ஆறு!" ணங்!

"ஒண்ணு, சமத்துவ உரிமை!" ணங்!

தாம்பாளம் வந்தது, மேலும் இருபது பேர் போனார்கள். கரைவெளி ஒன்பதிலிருந்து பதினேழானது.

"இன்னொரு விஷயம் சார்," என்றாள் ஷமீரா. "இந்தப் பதினேழு பேருல ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு டெஸ்ட்டும் எழுதல. டெஸ்ட் வந்து வீடியோ நிக்கிற இடத்துல அதை விட்டுட்டு, மறுபடி முதல்லேருந்து போடறாங்க."

"டெஸ்ட்டுன்னா பயம். தூக்கிடு."

"சார், மத்தவங்க டெஸ்ட்டுக்காகத்தான் சேர்ந்தாங்க."

"மத்தவங்க நாலு நிமிஷம் பார்க்கிறவங்க. இவங்க நாலு மணி நேரம் பார்க்கிறவங்க. நான் யாரு பேச்சைக் கேக்கணும்?"

டெஸ்ட் போயிற்று. அதற்காகவே இருந்தவர்களும் போனார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மார்கழி கடைசியில் மையத்தில் மிஞ்சியது மொத்தம் முப்பது பேர். அதில் இருபத்தாறு பேர் கரைவெளி. மீதி நான்கு பேர் ஆப்பை எப்படி நீக்குவது என்று தெரியாதவர்கள்.

"நடுவுல மூணு நாள் அடைமழை சார். அந்த மூணு நாளும் கரைவெளியில ஒரு ஐடிகூடத் திறக்கல. டவர் நல்லாத்தான் இருந்திருக்கு. எனக்கு என்னமோ..."

"மழையில எவன்மா படிப்பான்? போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பான்."

தமிழ்நிலா அன்று டியூட்டி முடிந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் கேட்டாள். "எத்தனை பேருங்க இப்ப?"

"முப்பது."

"நாம அறுபதுன்னு பேசினோம்."

"நிலா, எண்ணிக்கையைப் பார்க்காத. இருபத்தாறு பேரு ஒரே ஊர்ல, நூத்துக்கு நூறு சதவீதம் பார்க்கிறாங்க. நாட்டுலயே எவனுக்கும் இப்படிக் கெடையாது. நேர்ல போயி ஒரு ஷீல்டு குடுத்தா ஊரே சேர்ந்துடும். நீயும் வா, உன் கண்ணால பாரு."

"பார்க்கிறேன். அங்க அறுபது தேறலன்னா, வர்ற வழியிலயே தாளாளர் வீட்டுக்கு வண்டியைத் திருப்பணும். சம்மதமா?"

தாளாளர் எதிரே கைகட்டி நிற்கும் காட்சி இனியவன் கண்ணில் வந்து போனது. இருந்தாலும், "சம்மதம்" என்றார். குரல் மறுபடி பழையபடி மெலிந்திருந்தது.

போகியன்று விடிகாலையில் இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். 'சிறந்த மாணவர் செம்மொழி' என்று பொறித்த ஷீல்டு தமிழ்நிலாவின் மடியில் இருந்தது. குத்தாலத்தைத் தாண்டி வாய்க்கால் கரையில் திரும்பியதும் இருபுறமும் சம்பா கதிர் பழுக்கத் தொடங்கித் தலைசாய்ந்து நின்றது. பனி இன்னும் விலகவில்லை.

இனியவன் சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

"நிலா... கேக்குதா?"

கேட்டது. இந்தப் பக்கத்து வயலிலிருந்து, "அடிப்படை உரிமைகள் ஆறு!" ணங்! அந்தப் பக்கத்து வயலிலிருந்து, "குடியரசுத் தலைவர்!" ணங்! தூரத்தில் வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து ராஜேந்திர சோழன் கப்பலேறிக்கொண்டிருந்தான். வெளி முழுக்க இனியவனின் குரல்.

"ஆளே தெரியலையேங்க," என்றாள் தமிழ்நிலா.

"கதிருக்குள்ள உக்காந்து படிக்கிறாங்க. தனிமை வேணும்ல?"

அவர் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாக வகுப்பில் பின்பெஞ்சு தூங்குவதைப் பார்த்தே பாடம் நடத்திய மனிதர்! இன்றைக்கு ஓர் ஊரே விழித்திருந்து கேட்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஊர் முகப்பில் டீக்கடை. "செம்மொழி வீடு எதுங்க?" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், கடையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏய், அந்தச் சார் குரல் மாதிரி இருக்குல்ல?"

"சாரேதான்யா!"

நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. மருதையன் என்ற பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இனியவனுக்குப் போர்த்தினார். யாரோ இளநீர் வெட்டினார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"உங்க குரல்தான் சார் இந்த வருஷம் எங்களைக் காப்பாத்திச்சு."

இனியவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'சொன்னேனா?' என்பது போன்ற பார்வை. தமிழ்நிலாவே சற்று ஆடிப்போய்த்தான் இருந்தாள். வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற பேச்சை அவள் மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

"செம்மொழி எங்க? ஷீல்டு கொண்டாந்திருக்கேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் கதிர் அரிவாளுடன் நீலாம்பாள் முன்னால் வந்தாள். குத்தகைக்கு எடுத்த ஒன்றரை மா நிலத்தில் தானே இறங்கிப் பாடுபடுகிறவள்.

"எம் பொண்ணுதான் சார். உங்ககிட்ட சேர்ந்த மறுவாரமே அதுக்குச் சென்னையில வேலை கெடைச்சுப் போயிருச்சு. பழைய போனை எங்கிட்ட விட்டுட்டுப் போச்சு. அதுல ஒருநாள் தெரியாம அமுத்திட்டேன், உங்க ஊராட்சிப் பாடம் ஓடிச்சு. அன்னைக்குத்தான் சார் உங்க அருமை எனக்குத் தெரிஞ்சது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் நாந்தான் சொன்னேன்."

தாயே படிக்கிறாளா! இனியவன் ஷீல்டை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினார். அவளும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பணிவாக வாங்கிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது.

இதுதான் சமயம் என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இலவச மாசம் இந்த வாரத்தோட முடியுது. தொடர்ந்து எல்லாரும் சேருவீங்கல்ல?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ஊர்ல அறுபது எழுபது வீடு இருக்கு, எல்லாரும் சேர்றோம்," என்றார் மருதையன்.

இனியவன் வெற்றிக் களிப்புடன் தமிழ்நிலா பக்கம் திரும்பினார். அவளும் முதல்முறையாகச் சிரித்தாள்.

நீலாம்பாள் மட்டும் ஷீல்டைப் புரட்டிப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சேர்றோம் சார், ஆனா அறுப்புக்கு இன்னும் இருபது நாளு கெடக்கு, நீங்க இன்னும் கொஞ்சம் பலமா கத்தணும், முன்னெல்லாம் உங்க குரலைக் கேட்டா மயிலு தெறிச்சு ஓடும், இப்பப் பழகிப்போயி, வரப்புல உக்காந்து கடைசி வரைக்கும் பாடத்தைக் கேட்டுட்டு அப்புறந்தான் வயல்ல எறங்குது."