மேஜர் கோட்டும் மாதிரிக் கல்லும்

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. இதில் வருகிற ஆட்கள் எல்லாரும் இன்னும் உத்தியோகத்தில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. ஆறு என்றால் பெரிசாக நினைத்துவிட வேண்டாம். அந்தக் கரையில் தும்மினால் இந்தக் கரையில் 'நூறு ஆயுசு' என்பார்கள், அவ்வளவுதான் அகலம். அந்தக் கரையில் பிறந்து, இந்தக் கரைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார் ஒருத்தர். ஊரே அவரை அக்கரையண்ணன் என்று கூப்பிடும். தைக்கிறது அவர், துணி வெட்டுகிறது அவர் பெண்சாதி. கடைக்குக் கை அவர் என்றால் வாய் அவள். அவளுக்குத் தையலக்கா என்று பேர்.

அந்தச் சமயத்தில் எங்கள் தியேட்டருக்கு ஒரு யுத்தப் படம் வந்தது. ஒரு மேஜர், ஆற்றைத் தாண்டிப் போய், அக்கரை நாட்டை ஒற்றை ஆளாகத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருகிறார். போகும்போதும் அவர் தலை கலையவில்லை, வரும்போதும் கலையவில்லை. நல்ல படம்.

படத்தைப் பார்த்து ஜனங்களுக்கு ரத்தம் கொதித்து, கைக்கு அகப்பட்டவனை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று மேலிடத்துக்குக் கவலை வந்தது. கவலை வந்தால் மேலிடம் சும்மா இருக்காது; குழு போடும். 'திரைப்படத்தால் வன்முறை விளையுமா, விளையாதா என்பதை நேரில் கண்டறியும் சிறப்புக் குழு' என்று ஒன்று வந்து இறங்கியது. குழு என்றால் ஒரு தலைவர், ஒரு பியூன், ஒரு ஜீப். தலைவர் தினமும் உள்ளே உட்கார்ந்து படம் பார்ப்பார். பியூன் வெளியே உட்கார்ந்து ஜீப் பார்ப்பான். அவனுக்குப் படம் பார்க்க உத்தரவு இல்லை.

படம் விட்டதும் தலைவர் வாசலில் நின்று விசாரணை நடத்துவார். முதலில் மாட்டியவர் மளிகைக்கடைக்காரர்.

"படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்ததும் யாரையாவது அடிக்கணும்னு தோணுச்சா?"

"தோணுச்சு சார்."

தலைவர் பேனாவைத் திறந்தார். "யாரை?"

"எனக்கு முன்னாடி சீட்டுல ஒரு நெட்டையன் உட்கார்ந்திருந்தான் சார். கடைசி வரைக்கும் தலையைச் சாய்க்கவே இல்ல."

தலைவர் பேனாவை மூடினார்.

மறுநாள் படம் விட்டதும் இளவட்டங்கள் கூட்டமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு அக்கரையண்ணன் கடைப்பக்கம் ஓடினார்கள். தலைவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பின்னாலேயே ஓடினார். கடை வாசலில் போய்ப் பார்த்தால், சைக்கிள் கடைக்காரன் கையில் ஒரு துணிப்பொட்டலம்.

"அண்ணே, அந்த மேஜர் போட்டிருந்தாரே கோட்டு, பாக்கெட்டும் பட்டையுமா, அதே மாதிரி எனக்கொண்ணு தைச்சுக் குடுங்க. அக்கரைக்காரனை உதைக்கப் போறப்போ போட்டிருந்தாரே, அதுதான்."

"அளவு எடுக்கணும், திரும்பி நில்லு தம்பி" என்றார் அக்கரைக்காரர்.

அப்புறம் ஊரில் ஒரு பேச்சுத்தான், கோட்டுப் பேச்சு. மளிகைக்கடைக்காரர் தைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் தைத்தார். வெயிலில் வேர்த்து ஒழுகினாலும் ஒருத்தரும் கழற்றுகிறதில்லை. உளுந்து நிறுக்கிறவர்கூட உளுந்தை எதிரியைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டு நிறுத்தார். அக்கரை நாட்டை அடிக்க எங்கள் ஊரையே உடுத்தி அனுப்புகிற வேலை அக்கரையண்ணன் தலையில் விழுந்தது. வேலைக்குக் குறைவில்லை. குறைந்தது வேறு ஒன்று. அதை முதலில் கவனித்தவள் தையலக்கா.

"கேட்டீங்களா? போன வாரம் வரைக்கும் 'அண்ணே, தைச்சாச்சா'ன்னு கேட்டவன், இன்னிக்கு 'என்னய்யா, தைச்சியா இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போறான்."

"கோட்டுப் போட்டா அப்படித்தான் பேச்சு வரும். கழட்டினா சரியாயிடும்" என்றார் அவர்.

"கழட்ட மாட்டேங்கிறாங்களே. உங்களை அண்ணன்னு கூப்பிட இந்தத் தெருவுல இன்னும் எத்தனை பேர் பாக்கி?"

அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் காதுக்குள் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் போயிற்று. இருட்டிலும் ஒரே தடவையில் கோக்கிறவர் அவர். அவள் சாக்குக்கட்டியை எடுத்து, அடுத்த கோட்டுத் துணியில் கக்கத்துக்கிட்டே வெட்டுக்குறியை வழக்கத்தைவிடக் கீழே இறக்கிப் போட்டாள். கைத்துணியை ஒடுக்கினாள். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிச் சேர்த்துத் தைக்கச் சொன்னாள்.

"இப்படித் தைச்சா போட்டுக்கிட்டவன் கையைத் தூக்க முடியாதே" என்றார் அவர்.

"படத்துல அந்த மேஜர் எங்கே கையைத் தூக்குறாரு? பெல்ட்டுல கைய வெச்சுக்கிட்டு வசனம்தானே பேசுறாரு? படத்துல உள்ளபடி வேணும்னு கேட்டாங்க, உள்ளபடியே குடுப்போம்."

ஏற்கெனவே கொடுத்த கோட்டுகளையும், பட்டையில் மினுமினுப்பு நூல் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லித் திருப்பி வாங்கி, அதே மாதிரி மாற்றிக் கொடுத்தாள். மினுமினுப்பு என்றதும் வரிசையில் நின்று கழற்றிக் கொடுத்தார்கள்.

இங்கே இப்படி இருக்க, அங்கே தலைவருக்குத் தூக்கம் போயிற்று. வன்முறை விளையவில்லை என்று எழுதினால் குழுவைக் கலைத்துவிடுவார்கள், ஜீப் போய்விடும். விளைந்தது என்று எழுத, ஊரில் ஒருத்தனும் ஒருத்தனைக் கிள்ளக்கூட இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஜனங்கள் கல்லெறிவார்களா மாட்டார்களா என்று தெரிய வேண்டுமானால், யாராவது முதல் கல்லை எறிந்து காட்ட வேண்டும். அதற்கு 'மாதிரிக் கல்' என்று பேர் வைத்தார்.

"நாளைக்கு மத்தியான ஆட்டம் விட்டதும், தையல்கடை மேல ஒரே ஒரு கல் எறி" என்று பியூனிடம் சொன்னார்.

"சார், என் பேண்ட்டு ஒண்ணு அவர்கிட்ட தைக்கக் கிடக்கு சார்."

"அரசுப் பணியில் சொந்த விருப்பு வெறுப்பு கூடாது."

மறுநாள் ஆட்டம் விட்டது. தெரு முழுக்கக் கோட்டு. பியூன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான். கடைக் கண்ணாடி சில்லுச் சில்லாகத் தையல் மிஷின் மேல் கொட்டியது. அக்கரையண்ணன் நெற்றியில் ஒரு கீறல், ஒரு பொட்டு ரத்தம்.

ஒருத்தன் மெதுவாகச் சொன்னான்: "சர்க்கார் ஆளே எறியுறான்னா, உத்தரவு வந்தாச்சு போல."

அவ்வளவுதான். நேற்று வரை அந்தக் கடை வாசலில் நின்று பல்லைக் காட்டியவர்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள். ஆளுக்கொரு கல் கையில் வந்தது. நிமிர்ந்தார்கள். கையை ஓங்கினார்கள்.

கை ஓங்கவில்லை.

இடுப்புக்கு மேலே கொஞ்சம் ஏறியது, நின்றுவிட்டது. இன்னும் தூக்கினால் கோட்டே கழுத்துக்கு ஏறப் பார்த்தது, பெல்ட்டு விடவில்லை. எரிச்சலில் கீழ்க்கையாக வீசிய சைக்கிள் கடைக்காரனின் கல், முன்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் கெண்டைக்காலில் போய் உட்கார்ந்தது.

"கழட்டிட்டு எறியேன்டா" என்றார் அவர், காலைத் தேய்த்துக்கொண்டே.

"நீங்க கழட்டுங்க மாமா, வயசுல பெரியவர்."

"எனக்கு உள்ளே பனியன் கிழிசல்."

"எனக்குப் பனியனே இல்ல."

முதலில் கழற்றுகிற மேஜர் யார் என்று பார்த்துக்கொண்டு, இடுப்பளவில் கல்லைப் பிடித்தபடி, பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி ஊரே நின்றது.

தையலக்கா வாசலுக்கு வந்தாள். புருஷன் நெற்றியைத் துடைத்த துணி கையில் இருந்தது.

"அவர் மேல பட்டா எதிரி மேல பட்ட கல்லு. நான் இந்தத் தெருவுல பிறந்தவ. என் மேல பட்டா யார் மேல பட்ட கல்லு? அதையும் படத்துல சொல்லியிருக்காங்களா?"

முன்னால் நின்றவர்கள் கையிலிருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சரி, சுமந்துட்டு வந்தது வீணாப் போக வேண்டாம். கண்ணாடி இல்லாம துணியெல்லாம் காத்துல பறக்குது. அது மேல வைக்கத் தோதா இருக்கும். ஒவ்வொருத்தரா வந்து படியில வெச்சுட்டுப் போங்க."

வைத்தார்கள். சைக்கிள் கடைக்காரன் வைக்கும்போது, "அண்ணனுக்கு ரொம்பப் பட்டிருச்சா அக்கா?" என்று கேட்டான். அவள் கல்லை வாங்கி மற்றக் கற்களோடு சேர்த்தாள்.

தலைவர் அன்றைக்கே முடிவை எழுதி அனுப்பினார். படம் பார்த்தவர்களில் ஒருவரும் கடை மேல் கல்லெறியவில்லை. எறிந்த ஒரே ஒருவன் படம் பார்க்காதவன். ஆகவே படம் பார்க்காமல் இருப்பதே வன்முறைக்குக் காரணம் என்று ஐயமற நிறுவப்பட்டது. மேலிடம் பூரித்துப் போயிற்று. பியூனுக்குத் தண்டனையாக அந்தப் படத்தைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லி உத்தரவு. தலைவருக்குப் பாராட்டு விழா. மந்திரியே வருகிறார்.

விழாவுக்குத் தலைவருக்கும் ஒரு மேஜர் கோட்டு வேண்டியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கூச்சப்படாமல் அதே கடைக்குத்தான் வந்தார்.

"அம்மா, எனக்குக் கை மட்டும் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

"எதுக்கு சார்? கையைத் தூக்கி ஏதாவது கேள்வி கேட்கப் போறீங்களா?"

"சேச்சே, நம்ம உத்தியோகத்துல அதெல்லாம் ஏது. மந்திரி பேசறப்போ கை தட்டணும்ல, அதுக்குத்தான்."

வாசலில் விழாப் பேச்சுப் பேசிக்கொண்டு நின்ற கூட்டம் அதைக் கேட்டது. "அக்கா, எனக்கும் அதே மாதிரி" என்றார் மளிகைக்கடைக்காரர். "எனக்கும்" என்றார் வாத்தியார். ஊர் மொத்தமும் எனக்கும் எனக்கும் என்றது.

தையலக்கா சாக்குக்கட்டியை எடுத்தாள். தலைவரின் இரண்டு கையையும் பிடித்து நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துப் பார்த்தாள். அது சேருகிற அளவுக்கு மட்டும் துணியை விட்டாள். மிச்சத்தை வெட்டிக் கீழே போட்டாள்.