நான் சீல் குத்திய கண் முகாம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று (பள்ளிக்கூடம் வேறு காரணம் சொல்லும்). அப்படிப்பட்டவன்தான் கஹவத்தை ரோட்டில் ஹாட்வெயார் கடை போட்டேன். கொழுந்து ஏற்ற லொறி வாங்கினேன். ஐந்து அறை வீடு கட்டினேன். மண் சரிந்து இரண்டு தடவை சுவர் விழுந்தது, மூன்றாவது தடவை மண்ணுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டது. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் எழுப்பி, கமிட்டித் தலைவரும் ஆனேன். இவ்வளவையும் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாமல் செய்தேன். தெரியாது என்பதை நானே மறந்துபோகும் அளவுக்குச் செய்தேன். வினை அங்கேதான்.

கோயிலுக்கு ஏறும் பாதை மழையில் கரைந்துகிடந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிரமதானம் வைத்து, ஊரே கூலியில்லாமல் கூடி வெட்டிச் சரிக்கட்டுவதென்று கமிட்டி முடிவெடுத்தது (கமிட்டி என்றால் அந்த வாரம் நான் மட்டும்தான், மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் பதுளை போயிருந்தார்கள்). அறிவித்தல் ஒட்ட வேண்டும். எங்கள் தோட்டத்துச் சனம் தமிழில் ஒட்டிய தாளை நின்று வாசித்து, குறை சொல்லிவிட்டுப் போகும். இங்கிலீஷ் தாளில் சீல் விழுந்திருந்தால் அது ஆபிஸ் வார்த்தை. வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டு அப்படியே நம்பும். ஆகவே இங்கிலீஷில்தான் ஒட்டுவது என்று தீர்மானித்தேன்.

பேத்தி நிரோஷாவிடம் எழுதச் சொன்னேன். அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் அறிவித்தல், கடிதம், அழைப்பு, படிவம் என்று அன்றாடம் தேவைப்படுகிற எழுத்தையெல்லாம் வாராவாரம் எழுதிப் பழகச் சொல்லுவார். "எழுதி மேசை மேல வச்சிருக்கேன் தாத்தா" என்று கத்திவிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்றில் சும்மா நாலு வரி. மற்றது சுற்றிலும் கட்டம் போட்டு, மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே வரிசையாகப் பல விஷயங்கள். ஒரு கமிட்டித் தலைவருக்கு நாலு வரியா? கட்டம் போட்டதை எடுத்தேன். ஊதா மையில் கமிட்டியின் ரப்பர் சீலை முக்கி, ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலும் என் கடை வாசலிலும் பிரதி எடுத்து ஒட்டினேன்.

அன்று மாலையே தோட்டத்து ஆபிஸின் சிங்களக் கிளாக்கர் மாத்தயா கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஷா! ஹரி ஹொந்தாய் முதலாளி! ரொம்ப நல்ல காரியம்! இந்த மாதிரி வேலை இங்க யாரும் செய்யல்ல."

"செய்ய வேண்டியதுதானே மாத்தயா" என்றேன், தலையைக் கொஞ்சம் சாய்த்து.

"எங்க அம்மாவயும் கூட்டிட்டு வரட்டா?"

"பாவம், வயசானவங்கள எதுக்குக் கஷ்டப்படுத்துறீங்க?"

"இல்ல இல்ல, அம்மாவுக்கு ரொம்ப ஆசை."

அம்மாவுக்குப் பக்தி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ராக்கம்மா அக்கா வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறவர். கண் மங்கி, முற்றிய இலையும் காம்பும் கூடையில் விழுகிறதென்று, திங்கட்கிழமை முதல் கொழுந்து மலையை விட்டுப் புல்லு வெட்டப் போகும்படி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அவரிடம் சொல்லியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"தம்பி, சனிக்கிழம நானும் வரலாமா?"

"தாராளமா வாங்கக்கா. மம்பட்டி இருந்தா கையோட கொண்டாங்க."

"மம்பட்டியா?"

"பின்ன, வெறுங்கையோடயா வருவீங்க?"

சனிக்கிழமை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினால், மண்டபம் நிறைய ஆட்கள். எல்லாம் வயதானவர்கள். கீழ் டிவிஷனிலிருந்தெல்லாம் நடந்து வந்திருந்தார்கள். சிலர் அன்றைய பேரையே, அதாவது நாள் சம்பளத்தையே, விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ராக்கம்மா அக்கா, மடியில் மம்பட்டி.

"தம்பி, டாக்டருங்க எங்கப்பா?"

"எந்த டாக்டரு?"

கிளாக்கர் மாத்தயா என் அறிவித்தலைத் தமிழில் எனக்கே வாசித்துக் காட்டினார். இலவசக் கண் முகாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. இடம், கோயில் மண்டபம். தேவையானவர்களுக்கு மூக்குக்கண்ணாடி இலவசம். நடத்துவது, கோயில் கமிட்டி. கீழே என் சீல், இரண்டு தடவை.

கூட வந்திருந்த நிரோஷாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த நாலு வரித் தாளை எடுத்துவந்து நீட்டினாள். "இதுதான் உங்களுது தாத்தா. அது டீச்சர் குடுத்த பயிற்சி. இடம், நேரம், நடத்துறவங்க எல்லாம் போட்டு எழுதச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச இடமும் நேரமும் கமிட்டியும் நம்மளுதுதானே? நீங்க எதுக்கு அதுல சீல் குத்துனீங்க?"

தலைவர் புத்தி வேறு வழி தேடியது. "டாக்டருங்க வந்த வேன் வழியில பழுதாப் போச்சு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அதுக்கென்னா?" என்றார் ராக்கம்மா அக்கா. "வேன் வர்ற வரைக்கும் குந்தியிருக்கோம். திங்கக்கெழம கண்ணாடி இல்லாம போனா என்னைய மலையில ஏத்தமாட்டேன்னுட்டாரு கணக்கப்பிள்ள."

ஒருவர்கூட எழும்பவில்லை. எனக்குச் சனம் கோபப்பட்டால் சமாளிக்கத் தெரியும். நம்பினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, தாளின் அழகைப் பார்த்துச் சீல் குத்திவிட்டேன் என்று.

பிறகு ராக்கம்மா அக்கா சொன்னார்: "எனக்கு எழுத்து தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். ஒனக்கும் தெரியாதுன்னு இன்னிக்கித்தாம்ப்பா தெரியுது. கண்ணு பாக்க மம்பட்டி எதுக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும். தலைவரு சொன்னா காரணம் இருக்கும்னு தூக்கியாந்தேன்."

மண்டபமே சிரித்தது. என் மண்டபம்!

அன்றே நிரோஷா மண்டபத்துத் தரையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள், இரத்தினபுரியில் கண் முகாம் நடத்துகிற ஒரு சங்கத்துக்கு. முகவரி, திகதி, விஷயம் எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் இருந்தன. வந்திருந்த அத்தனை பேரின் பெயரும் வயதும் பின்னால் இணைத்தாள். இந்தத் தடவை இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே சீல் குத்தினேன். கொண்டுபோய்க் கொடுத்தது நான். கணக்கப்பிள்ளையிடம் போய் அக்காவுக்காக ஒரு மாதத் தவணை கேட்டதும் நான். அந்த மாதம் முடியுமுன் உண்மையான டாக்டர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்டதும் அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்து, "இவ்ளோ வயசாயிருச்சா ஒனக்கு!" என்றார். இன்றைக்கும் மலையில்தான் நிற்கிறார்.

வீட்டில் இப்போது கரண்ட் பில் வந்தாலும், "தாத்தா, சீல் வேணுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் முகாம் வருடா வருடம் நடக்கிறது. போன முகாம் அறிவித்தலில் "யோசனை: நிரோஷா" என்று போட்டிருக்கிறார்களாம். டீச்சரும் மேடையில் அவளைத்தான் பாராட்டினார். நியாயமாகச் சொல்லுங்கள். அந்தத் தாள் பயிற்சிக் கொப்பிக்குள்ளேயே இருந்திருந்தால் பத்துக்கு ஒன்பது வாங்கிக்கொண்டு செத்துப்போயிருக்கும். அதை நம்ப வைத்து ஒரு தோட்டத்தையே நடக்க வைத்தது யார்? அடுத்த அறிவித்தலில் "தவறுதலாகத் தொடங்கி வைத்தவர்" என்றாவது என் பெயரைப் போட்டே ஆக வேண்டும். எந்த மொழியில் போட்டாலும் சரி. போட்ட பிறகு, யாராவது எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.