‘ஒரு தாய்’ என்று பதிவான நான்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் என் எட்டு மாசக்காரியும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். ஐந்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. வெட்கம் கையைப் பிடித்துக்கொண்டது. இதை அக்காவாகப் படி. நம் அமைப்பின் குழுத் தலைவியாகப் படிக்க நேர்ந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படி.

பச்சைப்பிள்ளைக்காரிகள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு, தாயைத் தூங்கவைப்பதற்கு ஓர் அமைப்பு ஆரம்பித்தவள், தான் மட்டும் தூங்காமல் அலைகிறாளே என்று நீதான் கேட்டாய். இரண்டு வாரம் நான் லீவு, நான் இல்லாமல் எல்லாம் ஓடினால் இனி ஆபீஸ் பொறுப்பு அந்தக் களப்பணிப் பெண்ணுக்கே, நடுவில் ஒரு தரம் நான் மூக்கை நுழைத்தாலும் அந்தப் பேச்சே கிடையாது என்று குழு முடிவு செய்தபோது முதலில் கை தூக்கியதும் நான்தான்.

முதல் நாளே கை பரபரத்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஆபீஸ் தெருவில் மூன்று தரம் போய்வந்தேன். எதிர்க்கடைத் தையற்காரர், "என்னம்மா, உள்ள விடமாட்டேங்கறாங்களா?" என்று கேட்டார். மறுநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருக்கும்போது அங்கே யாரும் சிரித்ததில்லை அக்கா. அதுதான் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியின் போனை வாங்கி, குரலை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நம் உதவி எண்ணுக்கே அடித்தேன். போனை எடுக்கும் அந்தக் களப்பணிப் பெண் சரியாகப் பேசுகிறாளா என்று பார்க்கத்தான் என்று எழுத நினைத்தேன். பொய். அவள் திணற வேண்டும் என்றுதான் அடித்தேன்.

அவள் திணறவில்லை. நான் எழுதிக்கொடுத்த பதினெட்டுக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "கடைசியா எப்பம்மா உக்காந்து சூடா சாப்பிட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான். மூக்குக் குரல் எங்கே போனதோ, விக்கி விக்கி அழுதேன். அந்த அழுகையில் அவள் முகவரி கேட்க, வாயில் வந்த ஒரே முகவரியைச் சொல்லித் தொலைத்தேன். வேறென்ன, என் வீடுதான்.

மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் அவளேதான், கையில் படிவத்தோடு நிற்கிறாள். நம் விதி உனக்குத் தெரியும், நான் எழுதியது: அந்தத் தாய் யார் என்று கேட்கக் கூடாது, தெரிந்தவளாக இருந்தாலும் காட்டிக்கொள்ளக் கூடாது, வெளியே சொல்லக் கூடாது. நான், "இல்ல, வந்து, சும்மா செக் பண்ணத்தான்..." என்று இழுத்தேன்.

"பேரு வேண்டாம்மா. 'ஒரு தாய்'னு போட்டுக்கறேன். பாப்பாவைக் கொடுத்துட்டுப் போய்ப் படுங்க."

மூன்று வருஷமாக என்னிடம் திட்டு வாங்கியவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் தூங்கி எழுந்து வந்தபோது, இரண்டு மணி நேரம் முடிந்து அவள் போய்விட்டிருந்தாள். அடுத்த தெருவில் இருக்கும் அத்தானின் தங்கைக்குச் சொல்லி வரவழைத்து, குழந்தையை அவளிடம் ஒப்படைத்திருந்தாள். பால் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அது விதியில் இல்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் தலையிட்டேனா என்று கேட்பீர்கள். அவள் சொல்ல மாட்டாள். நான் சொன்னால் அவளுக்குக் கிடைக்க வேண்டியது போய்விடும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடு. தப்பு என்னுடையது, பொறுப்பு அவளுடையது. அவள் என்னையே சமாளித்துவிட்டாள், இதற்கு மேல் என்ன பரீட்சை வைக்கப்போகிறீர்கள்?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், பெரியவன் துடைத்துக்கொண்டாலும் சரி.

தலைகுனிந்தபடி,
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை இந்தச் சனிக்கிழமை வாசிக்காதே. முழங்கால் வலி என்று சொல்லிக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போடு. படிவத்தில் ‘ஒரு தாய்’க்கு இரண்டாவது வருகை செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. முதல் வருகையன்று நான் ஒன்றேமுக்கால் மணி நேரம் தூங்கினேன் அக்கா.