ஆண் செடியில் வெள்ளை நூல்

செடியைப் பறிமுதல் செய்தபோது பஞ்சநாமாவில் தன் கையால் எழுதிய வரியைக் கான்ஸ்டபிள் கோவர்த்தனன் மூன்றாம் முறை படித்தார். 'கஞ்சா செடி ஒன்று, தொட்டியுடன். உயரம் இரண்டடி. ஆண் செடி.'

பிறகு காவல் நிலையத்தின் பின்பக்கம் நின்ற தொட்டியைப் பார்த்தார். செடி மூன்றடி இருந்தது. கணுவுக்குக் கணு வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

பத்து நாள் திருப்பதியில் பிரம்மோற்சவ பந்தோபஸ்து முடிந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார். நாளை செடி பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. எழுத்தும் செடியும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் போவது அவர் வேலை.

ஜூனியர் காலேஜில் தாவரவியல் நடத்தும் நளினிக்குப் போன் செய்தார்.

"நீங்கதானேம்மா ஆணுன்னு சொன்னீங்க?"

"நீங்க அனுப்புன போட்டோல மொட்டு கொத்துக் கொத்தா தொங்கிச்சு சார். அது மகரந்தப் பை. ஆணேதான்."

"இப்ப வெள்ளை நூலா வந்துகினு கீதே."

"அது மகரந்தத்தைப் பிடிக்கிற நூல். பொண்ணுக்குத்தான் வரும்."

"செடி மாறுமாம்மா?"

"அபூர்வமா ஒரே செடியில ரெண்டு பூவும் வரும். பயந்தா, வாடுனா."

"ஸ்டேஷன்ல கீறதால பயந்திருக்குமோ?"

நளினி பாடம் நடத்தும் குரலுக்கு மாறினார். "பூமேல பொடிப்பொடியா மினுக்குதா? அதுலதான் பிசின் ஊறும், போதையும் அங்கதான். இலை சோறாக்கும், வேர் தண்ணி குடிக்கும், தண்டு ரெண்டையும் சுமக்கும். அதுங்க பாவம், ஒண்ணும் செய்யாது."

போனை வைத்த கோவர்த்தனன், செடியை மறுபடி ஆணாக்கிவிடத் தொட்டியருகே உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகப் பிடுங்கினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பஞ்சநாமாவைப் புரட்டப் போனபோது தாள் கையோடு வந்தது. அதைப் பிரித்தெடுத்ததில் 'ஆண் செடி' என்ற இடம் கிழிந்தது.

சரி, உயரத்தையாவது சரிசெய்வோம் என்று, நிலையத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த லட்சுமம்மாவிடம் கத்தரி வாங்கி உச்சியை ஓரடி வெட்டினார். இப்போது செடி இரண்டடி. ஆனால் கையில் ஓரடிப் பூங்கொத்து இருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைக்குள் செருகினார். போலீஸ்காரர் மடியில் கஞ்சா என்பது அப்புறம்தான் உறைத்தது.

வெயில் தேன் நிறத்தில் சாய்ந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து பச்சை வாசனை கமழ்ந்தது. ஏழு விரல் இலைகள் காற்றில் மெல்ல விரிந்து, வா, வா என்றன. தூரத்து மலை தண்ணீரில் மிதப்பதுபோல அசைந்தது. கோவர்த்தனன் படியில் சாய்ந்தார். தான் எதற்காக வந்தோம், யார் பெயரில் வழக்கு, எல்லாம் வெகுதொலைவில் யாருக்கோ நடப்பதாகத் தோன்றியது.

"ஏமய்யா, செடிக்கு க்ராப் வெட்டறியா?"

எஸ்ஐ ஹரிபாபு நின்றிருந்தார். மதியம் வீட்டில் சாப்பிட்டு வந்தால் அவர் யாரையும் அதட்டமாட்டார். தியானம் பழகுகிறார் என்று நிலையத்தில் பேச்சு.

கோவர்த்தனன் எழுந்து நின்றார். "சார், ஆண் செடி பொண்ணாயிடுச்சி சார். வளந்தும் போச்சி. நான்தான் மாத்திட்டேன்னு எழுதிடுவாங்க. பதினெட்டு வருச சர்வீசு."

சட்டைக்குள்ளிருந்து பூவை எடுத்து நீட்டினார். ஹரிபாபு அதை வாங்கி, முகர்ந்து, கண்ணை மூடினார்.

"பர்வாலேது, பரவால்ல. மேகத்தைப் பாரு கோவர்த்தனா. எவ்ளோ நிதானமா போய்க்கினு கீது."

"நாளைக்கு லேபுல கேப்பாங்களே சார்."

"கேக்கட்டும்."

கோவர்த்தனன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து லட்சுமம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள்.

"அழாதே சார், அந்த ஆண் செடி நீ ஊருக்குப் போன மறுநாளே காஞ்சி பூடுச்சி, உனுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதேன்னு நான்தான் எஸ்ஐ சார் வூட்டுப் பின்னாடி கீற பத்து செடில ஒண்ணப் பேத்தாந்து நட்டேன்."