பேய்க்குக் குரல் கொடுத்தவள்

இனி இந்த வீட்டில் பேயாக இருக்க மாட்டேன் என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை.

பேய் மட்டுமில்லை. ராணி, ராணியின் மாமியார், குளிரில் நடுங்கும் கிழ ராஜா, வாயாடிக் காக்கை, நாற்பது போர்வீரர்கள், எல்லாம் நான்தான். என் கணவர் குழந்தைகளுக்கான ஒலிக்கதைகளைப் பதிவுசெய்து ஒரு பதிப்பகத்துக்குக் கொடுக்கிறார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பின்னறையின் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து, நடுவில் ஒரு டிஜிட்டல் மிக்ஸரைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார். துணி இப்போது கூடத்தில் காய்கிறது. வருகிறவர்கள் அவருடைய ஈர பனியனை விலக்கிக்கொண்டுதான் எனக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஆறாவது கதையின் குறுந்தகடு, அச்சான அட்டைப்பெட்டியில் வந்தது. அட்டையைத் திருப்பினேன். ஒலிப்பதிவு, ஒலிக்கலவை, குரல் வடிவமைப்பு: அவர் பெயர். ஓவியம்: யாரோ. பெட்டி செய்து கொடுத்த அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தேடினேன். நான் இல்லை.

“ஏங்க, இதுல பேசினது யாரு?”

“எதுல?”

“ஒரு மணி நேரம் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தியிருக்காளே, இதுல.”

“ஓ, உன்னைச் சொல்றியா? உன் குரல் கச்சாப் பொருள். அதைப் பேயாக்கினது யாரு? ஃபிளாஞ்சர்ங்கற எஃபெக்ட். ராஜாவை நடுங்க வெச்சது ட்ரெமலோ. உன் ஒருத்தியை நாற்பது பேராக்கினது கோரஸ். இதையெல்லாம் நான் போடலேன்னா நீ வெறும் நீதான்.”

வெறும் நான். பள்ளிக்கூட நாடகத்தில் மைக் கெட்டுப்போன நாளில், திரைக்குப் பின்னால் நின்று ஒரு சேனையே ஓடுகிற மாதிரி நான் ஒருத்தி கத்தி, கடைசி வரிசையில் இருந்த கன்னியாஸ்திரி எழுந்து வாசல் கதவைச் சாத்தியிருக்கிறார். ட்ரெமலோவாம்.

“அப்ப நாளையிலேர்ந்து ஃபிளாஞ்சரையே பேசச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இருக்கு.”

அவர் முகம் மாறியது. சனிக்கிழமை பதிப்பக மேடம் புதுக்கதையைக் கேட்க வருகிறார். அதில் ஒரு வார்த்தைகூட இன்னும் பதிவாகவில்லை.

“சரி, ஒரு பந்தயம். மேடம் கேட்டுட்டு ‘குரல் நல்லாயிருக்கு’ன்னா, உன் பேரை அட்டையில போடறேன். ‘எஃபெக்ட் நல்லாயிருக்கு’ன்னா, நீ இந்த ஜன்மத்துல பேர் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“எழுதிக் கொடுங்க.”

“புருஷன் சொன்னா போதாதா?”

“போதாது.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

வியாழக்கிழமை மிக்ஸரைத் துடைக்கப் போனேன். அந்தச் சலுகை எனக்கு உண்டு. ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“இது என்னங்க?”

“அது பைபாஸ். அதை அமுக்கினா எஃபெக்ட் எல்லாம் படுத்துத் தூங்கும். குமிழைத் திருகலாம், திரையில நம்பர் ஓடும், ஆனா குரல் உள்ள போன மாதிரியே வெளிய வரும். உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

“சும்மாதான். டேப் எதுக்கு?”

“பைபாஸ் போட்டா சிவப்பு விளக்கு எரியும். கண்ணை உறுத்துது. நான் எந்தக் காலத்துல பைபாஸ் போடப்போறேன்? மூடிட்டேன்.”

நல்ல மனிதர். பூட்டைக் காட்டி, சாவியைக் கொடுத்து, காவல்காரனையும் அவரே அனுப்பிவைக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட வண்டிகள் போய்த் தெரு அடங்கியதும், சத்தம் வரக்கூடாதென்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அவர் வருவதற்குள், நான் பொத்தானை அமுக்கிவிட்டேன். பிறகு மைக் முன்னால் போய்ப் பதிவிரதையாக நின்றேன்.

பேய்க்கு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசினேன். ராஜாவுக்குத் தாடையை ஆட்டினேன். அவர் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினார்.

“இரு, கொஞ்சம் டெப்த் கூட்டறேன். ம்ம். இப்பதான் பேய் வந்தது.”

“வந்துடுச்சா?”

“மயிர்க்கூச்செறியுது. முன்னாடி உன் குரல் எப்படி இருந்தது, இப்ப எப்படி இருக்கு பார். ராஜாவுக்கு வேகத்தைக் குறைக்கறேன். ஆகா. இதுக்குத்தான் காது வேணுங்கறது.”

“இருக்கிறவங்களுக்கு இருக்கு,” என்றேன் பணிவாக.

சனிக்கிழமை மேடம் பனியனை விலக்கிக்கொண்டு வந்தார். அதிகம் பேசாதவர். முழுக் கதையையும் கேட்டார். பேய் வந்த இடத்தில் கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டார். முடிந்ததும் கைப்பையைக் கீழே வைத்தார்.

“எஃபெக்ட் ரொம்ப நல்லாயிருக்கு, சார்.”

என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏழு கடல் தாண்டி வந்தவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

“போன தடவை பேய் பேசினப்போ விமானம் இறங்கற மாதிரி இருந்தது,” என்றார் மேடம். “இப்ப நிஜமாவே பயமா இருக்கு. என்ன பண்ணினீங்க?”

அவ்வளவுதான். வேகம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எந்த நொடியில் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று பதினைந்து நிமிஷம். மேடத்தின் டீ ஆறி ஆடை கட்டியது. மூச்சுவிட அவர் நிறுத்தியபோது நான் சொன்னேன்:

“ஏங்க, அந்த டேப்பைக் கொஞ்சம் எடுங்களேன். மேடமும் பார்க்கட்டும்.”

பெருமையோடு பிய்த்தார். சிவப்பாக எரிந்தது.

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“இது எப்பலேர்ந்து?”

“நேத்து முதல் வார்த்தையிலேர்ந்து. மேடம், சிவப்பு எரிஞ்சா எஃபெக்ட் ஒண்ணுமே போகலேன்னு அர்த்தம். நீங்க கேட்டது வெறும் நான்.”

மேடம் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

“அட்டை திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. உங்க பேரைச் சொல்லுங்க.”

“திருமதின்னு என் பேரோட சேர்த்துப் போட்டுடுங்க, மேடம்,” என்று அவர் குறுக்கே புகுந்தார். “குடும்பமா, பார்க்க அழகா இருக்கும்.”

“அந்த அழகு வேண்டாம்,” என்றேன். என் பெயரை, என் அப்பாவின் முதலெழுத்தோடு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மேடம் எழுதியதை வாங்கிச் சரிபார்த்தேன். கொம்பு ஒன்று விட்டிருந்தது. போடச் சொன்னேன்.

என் கணவர் தொண்டையைக் கனைத்தார்.

“உண்மையைச் சொல்லணும்னா, மேடம், இந்தக் கதைக்கு எஃபெக்ட் வேண்டாம்னு எனக்கும் உள்ளுக்குள்ள தோணிக்கிட்டேதான் இருந்தது.”

மேடம் பேனாவை மூடினார்.

“ரொம்ப நல்லது, சார். அடுத்த கதைக்கும் இதே மாதிரி ஒண்ணும் பண்ணாம இருந்துடுங்க.”